பதக்கம் யாருக்கு?

மணிமங்கலம் போர் கண்ட மண். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியைப் புறமுதுகிடச் செய்த களங்களிலே அதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. வென்றவன் பெயர் இருக்கிறது. தோற்றவன் பெயரும் இருக்கிறது. படைக்குச் சோறு பொங்கிய பெண், கணவனைக் களத்திலே பறிகொடுத்துக் குடும்பத்தைக் காத்த பெண், இவர்களைப் பற்றி எந்தப் பட்டயம் பேசுகிறது?

பேசவில்லை, தோழர்களே! எழுதியவர்கள் அவர்களை எண்ணவில்லை. எண்ணாது விடப்பட்டவர்களை எண்ணிப் பார்க்க எழுந்த படிப்பே மகளிரியல்.

1974இல், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையைத் தந்தது. சட்டத்திலே சமம், வாழ்க்கையிலே தாழ்வு என்பதை அது காட்டிற்று. அதே ஆண்டு பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலே மகளிரியல் ஆராய்ச்சி மையம் பிறந்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை இந்தப் படிப்பை வளர்க்கச் சொன்னது. கொடைக்கானலிலே 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் துறைகள் உண்டு. ஆனால், அறிக்கை வருவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1929 பிப்ரவரியில், மணிமங்கலத்திற்கு அதிகத் தொலைவில்லாத செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை கேட்டதே! எந்தத் தொழிலும் செய்யும் உரிமை கேட்டதே! நமக்கு இது புதிய பாடமா?

பட்டமளிப்பு விழாவிலே முதல் மதிப்பெண் பெற்ற மாணவிக்குப் பதக்கம் தருகிறார்கள். தரட்டும், கை தட்டுகிறோம். “பெண்களைப் பற்றிப் படிக்க ஒரு பட்டமா? அதற்குப் பதக்கம் வேறா?” என்று ஏளனம் பேசுவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வோம். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஆலையிலே கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கேட்கிறோமே, அடுப்படியின் கூடுதல் வேலையை யார் எண்ணுவது? இந்தக் கணக்கைக் கேட்கத் துணிந்த படிப்பை வீண் படிப்பு என்பது அறியாமை. அறியாமையல்ல, அச்சம்!

ஆனால், மதிப்பெண் மட்டும் போதுமா என்று பல்கலைக்கழகங்களையும் கேட்கிறோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு விடியுமுன்னே பஸ் ஏறும் பெண்கள் பல்லாயிரம். 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் நோயுற்றது கண்டு, பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து நியாயம் கேட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலிலே 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கேட்டவர்கள் கேட்டதனால் உலகம் அறிந்தது. அந்தப் பெண்களின் உறக்கம், உணவு, ஊதியம், திருமணத்திற்குப் பின் வேலை நிலைக்குமா என்ற கவலை, இவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதும் மாணவியன்றோ முதல் மாணவி!

ஆகவே சொல்கிறோம்: ஆய்வு தமிழிலே வரட்டும். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் முன்னே அது படிக்கப்படட்டும். “இது எங்கள் வாழ்வுதான்” என்று அவர்கள் ஒப்பிய பிறகு பதக்கம் சூட்டட்டும். பதக்கத்தோடு மேற்படிப்புக்குப் பணமும் தரட்டும். ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த 2017இல், மகளிரியல் மையங்களுக்கு மானியக் குழுவின் நிதி தொடருமா என்று நாடெங்கும் கலங்கினார்கள். துறைக்கே நாளை உண்டா என்ற நிலை வந்தால், பதக்கம் வெறும் தகடுதானே?

தொழிலாளத் தோழர்களே! மகள் மகளிரியல் படிக்கப் போகிறேன் என்றால், “அது என்ன சோறு போடும்?” என்று மறிக்காதீர்கள். காலமெல்லாம் சோறு போட்டவளின் கணக்கை எழுதப் போகிறாள் அவள். வழி விடுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்த 299 நிமிடத்திலே கொஞ்சம் பங்கு கொள்ளுங்கள்!