புல்லுக்கு நாட்காட்டி தெரியாது

புல்தரையைப் பராமரிப்போர், "இன்று என்ன தேதி?" என்று பார்ப்பதைவிட "இதுவரை எவ்வளவு வெப்பம் சேர்ந்துள்ளது?" என்று கணக்கிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் நம் நாட்டில் இதன் தேவை அவ்வளவாகத் தெரியாது. கடுங்குளிருக்குப் பின் வசந்தம் பிறக்கும் வட அமெரிக்காவில் இது மிகவும் முக்கியமானது.

அங்குள்ள கோல்ஃப் திடல்களில் போவா அன்னுவா என்னும் புல் பரவலாக வளர்கிறது. சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டினாலும் வசந்தத்தில் அது கதிர்விடும். வெளிறிய கதிர்கள் தரையின் அழகைக் கெடுக்கும். பந்தும் சீராக உருளாது. கதிரைக் கட்டுப்படுத்தும் மருந்தை, அது வெளியே தெரிவதற்கு முன்பே தெளிக்க வேண்டும். பிந்தினால் மருந்தும் பணமும் வீணாகும்.

ஆண்டுதோறும் ஒரே தேதியில் தெளித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வசந்தம் ஓராண்டு முந்தி வரும். மற்றோர் ஆண்டு பிந்தி வரும். புல்லோ தான் பெற்ற வெப்பத்திற்கு ஏற்பவே வளர்கிறது. இவ்வுண்மையை அறிந்த பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர், 1735-ஆம் ஆண்டிலேயே வெப்பத்தைக் கூட்டிப் பயிர் வளர்ச்சியை அளக்க முயன்றார். போவா அன்னுவா கதிர்விடுவதை இம்முறையில் கணிக்கும் ஆய்வை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்டனர்.

கணக்கு எளிமையானது. ஒரு நாளின் மிக உயர்ந்த வெப்பநிலை 18 பாகை செல்சியஸ், மிகக் குறைந்தது 8 பாகை எனக் கொள்வோம். சராசரி 13. அடிப்படை வெப்பநிலை 10 பாகை என்றால், அன்றைய கணக்கில் 3 அலகுகள் சேரும். சராசரி 10-ஐத் தாண்டாத நாளில் எதுவும் சேராது. இவ்வாறு நாள்தோறும் கூட்டி, குறிப்பிட்ட தொகையை எட்டும்போது தெளிக்கத் தயாராகலாம்.

எனினும், எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. நிழலான இடமும் வெயில் படும் சரிவும் ஒரே நாளில் கதிர்விடுவதில்லை. எனவே, புல்லின் அடித்தண்டைப் பிளந்து, உள்ளே கதிர் உருவாகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

மண்ணில் தெளிக்கும் ஒவ்வொரு துளிக்கும் நாம் பொறுப்பாளிகள். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டுமே தெளிக்க இக்கணக்கு உதவுகிறது. பழக்கத்தால் தெளிப்பதைவிடக் கணக்கிட்டுத் தெளிப்பதே அறிவுடைமை.