மிச்சமாகும் மணி நேரம் யாருக்குச் சொந்தம்?

பெங்களூரு, ஹைதராபாத், புனே நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களுக்குள் புதிய கருவியொன்று நுழைந்துள்ளது. ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், ஓபன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ, கூகுளின் ஜெமினி சிஎல்ஐ ஆகிய மூன்றும் 2025-இல் வெளிவந்தவை. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில், “இந்தப் பிழையைச் சரிசெய்” என்று பொறியாளர் ஒரு வரி எழுதுகிறார். கருவி கோப்புகளைப் படிக்கிறது, நிரலைத் திருத்துகிறது, சோதித்துப் பார்க்கிறது, தவறினால் மீண்டும் முயல்கிறது. எட்டு மணி நேர வேலை சில வேளைகளில் ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

மிச்சமான ஏழு மணி நேரம் யாருக்குச் சேர்ந்தது?

“செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறிக்காது, அதைக் கையாளத் தெரிந்த சக ஊழியரே பறிப்பார்” என்று நிர்வாகங்கள் ஓதுகின்றன. ஊழியரை ஊழியருக்கு எதிராக நிறுத்தும் தந்திரம் இது. வேலையைப் பறிக்கும் ஆணையில் கையொப்பமிடுவது சக ஊழியரா, முதலாளியா?

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருத்தமின்மையே காரணம் என்றது நிர்வாகம். பல்லாண்டு லாபம் ஈட்டித் தந்த திறன் ஒரே நாளில் பொருந்தாமற் போயிற்றாம்! அதற்கு முந்தைய மாதம்தான், ஓவர்டைம் உட்பட நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைக் கர்நாடக அரசு முன்மொழிந்தது. ஐ.டி. ஊழியர் சங்கம் அதனை எதிர்த்துக் களமிறங்கியது. இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும் காலத்தில் வேலைநாளை நீட்டத் துடிப்பதன் பெயர்தான் முதலாளித்துவம்.

இக்கருவிகளின் திறமை எங்கிருந்து வந்தது? 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு, எண்ணற்ற நிரலாளர்கள் எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்த நிரல்களும் இவற்றுக்குப் பாடநூலாயின. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு வேலியிட்டு, அதே ஊராருக்கு வாடகைக்கு விடுவது போன்றதே இவ்வணிகம். கருவி செய்யும் பிழைக்கு நள்ளிரவில் பதில் சொல்ல வேண்டியவரோ ஊழியர்.

கருவியை உடைப்பது நம் வழியன்று. இயந்திரத்தையும் அதை மூலதனம் பயன்படுத்தும் விதத்தையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். அந்தப் பாடத்தை ஐ.டி. வளாகங்களுக்குக் கொண்டுசெல்வது நம் கடமை.

கருவியைப் புகுத்துமுன் சங்கத்துடன் பேச்சுவார்த்தை, ஊதிய வெட்டில்லாத வேலைநேரக் குறைப்பு, ஆட்குறைப்புக்குத் தடை, தொழிலாளர் சட்டங்களிலிருந்து ஐ.டி. துறைக்கு அளிக்கப்படும் விலக்குகளுக்கு முடிவு. இக்கோரிக்கைகளுடன் வளாக வாயில்களுக்குச் செல்வோம். மிச்சமான மணி நேரம் உழைத்தவருக்கே உரியது!