கணிப்பொறிக்குள் ஓர் ஏரி

சிதம்பரத்தை அடுத்த வீராணம் ஏரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் முழு நீர்மட்டம் 47.5 அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரியில் மட்டம் குறைந்துவிட்டது என்று கீழணையில் மதகைத் திறந்தால் ஏரி அந்த நிமிடமே உயர்ந்துவிடுமா? தண்ணீர் அவ்வளவு தூரமும் ஓடி வர வேண்டாமா? இந்தத் தாமதம்தான் கட்டுப்பாட்டுப் பொறியியலின் பெரிய தலைவலி.

அது எப்படிப்பட்ட தலைவலி என்பதைக் காண ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு கற்பனை ஏரியை எடுத்துக்கொள்வோம். மட்டம் இப்போது 0, தேவை 100. மணிக்கு ஒருமுறை, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் சேர்க்கிறோம். மிகுந்தால் அவ்வளவையும் வெளியேற்றுகிறோம். முதல் மணியிலேயே 100 வந்துவிடும். சரி, ஏரிக்கரையிலிருந்து செய்தி ஒரு மணி தாமதமாக வந்தால்? அதாவது, போன மணியின் மட்டத்தைப் பார்த்துத்தான் இப்போது மதகை இயக்குகிறோம். கணக்குப் போடுங்கள்: 0, 100, 200, 200, 100, 0, 0, 100... ஏரி ஒருபோதும் அடங்காது! குறையில் பாதியை மட்டும் சேர்த்தால் 50, 100, 125, 125, 112.5 என்று சற்று மீறிப் போய், பிறகு மெல்ல 100-க்கு அடங்கும்.

நீங்கள் இப்போது செய்ததுதான் சிமுலேஷன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கருவியியல் படிக்கும் மாணவர்கள் இதையே மாட்லாப், சைலாப் போன்ற மென்பொருள்களில் நொடியில் செய்கிறார்கள். லாப்லாஸ் உருமாற்றத்தைக் கண்டு மிரண்ட மாணவன்கூட, திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் தெளிவடைகிறான். சைலாப் இலவசமாகவே கிடைக்கிறது. கருவி வாங்கும் செலவு மிச்சம் என்று ஆய்வகத்தையே கணிப்பொறிக்குள் அடைத்துவிடும் ஆசை கல்லூரிகளுக்கு எழுவது இயற்கைதான். அதை நான் ஏற்கவில்லை.

காரணத்தைக் கடலூர் மாவட்டத்திலேயே காட்டலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்க வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தகைய கொதிகலன்களில் 'டிரம்' என்னும் உருளையில் நீர்மட்டம் சரியாக இருக்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் குழாய்கள் காய்ந்து கெடும். மிக உயர்ந்தால் நீராவியோடு நீரும் சென்று டர்பைனைத் தாக்கும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நீராவியைத் திடீரென்று அதிகமாக எடுத்தால் உள்ளே அழுத்தம் குறையும். நீரிலுள்ள குமிழ்கள் பருக்கும். உண்மையில் நீர் குறைந்துகொண்டிருக்க, மட்டமோ உயர்வதாகத் தோன்றும்! அதை நம்பி நீர் வரத்தைக் குறைத்தால் என்ன ஆகும்?

நிஜக் கொதிகலனில் யாரும் தவறு செய்து பழக முடியாது. கணிப்பொறியில் நூறு முறை செய்யலாம். சிமுலேஷனின் பெருமை அது. ஆனால் சமன்பாட்டை எழுதியவர் குமிழ்களை மறந்திருந்தால், திரையில் அழகான, முற்றிலும் பொய்யான கோடு வரும். கணிப்பொறி கண்ணைக்கூடச் சிமிட்டாது. பிறர் எழுதிவைத்த சிமுலேஷனில் எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கும் மாணவனுக்கு இது தெரியவே வராது.

ஆகவே மாணவன் முதலில் சமன்பாட்டைத் தானே எழுத வேண்டும். எதை விட்டுவிட்டோம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, சிறியதானாலும் ஓர் உண்மையான தொட்டி முன் நின்று, தன் கோட்டையும் தொட்டி தரும் கோட்டையும் ஒப்பிட வேண்டும். வால்வு இறுகும், குழாயில் காற்று அடைக்கும். இரண்டு கோடுகளும் பொருந்தாத இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. ஒரு வாளியும் குழாயும் மிதவையும் வாங்க முடியாத கல்லூரி உண்டா என்ன?

நம் ஏரிக்குத் திரும்புவோம். அதே ஒரு மணித் தாமதத்துடன், குறையில் கால் பங்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். பிறகு, மதகு துருப்பிடித்து, 20-க்குக் குறைவான மாற்றத்துக்கு அசைய மறுக்கிறது என்று வைத்து மறுபடியும் போடுங்கள். ஏரி எங்கே போய் நிற்கிறது?