பச்சை மையும் வெள்ளவத்தை வீடும்

வெளிநாட்டில் இருந்து வந்த தோழர் ஒருவர் எங்களுக்கு ஒரு மைப் போத்தல் தந்தார். வெளிர்பச்சை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் கூடுகிற அறையில் ஆளாளுக்குப் பேனையில் நிரப்பி எழுதிப் பார்த்தம். வடிவான நிறம்தான், மறுக்க இல்லை. ஆனால் சீ.ஆர். கொப்பியின் நீலக்கோட்டுக்கு மேலே எழுதினால் பாதி எழுத்து தெரியாது. இரவு லைற் வெளிச்சத்தில் வாசிக்கவே ஏலாது. சாயம் குறைஞ்ச மை. ஒரு துளி தண்ணி பட்டால் வரியே கரைஞ்சு போகுது. வாழ்த்து மடலுக்குச் சரி, வைத்திருக்க வேண்டிய எழுத்துக்குச் சரிவராது.

மையைப் பற்றின எங்கட அபிப்பிராயம் அவ்வளவுதான். சண்டை வந்தது வேறொன்றால்.

"அடுத்த இதழின் கவிதைப் பக்கத்தை இந்தப் பச்சையிலேயே எழுதி அச்சடிப்பம். பாப்லோ நெருடா பச்சை மையிலதானே எழுதினவர்? அவர் எங்கட வெள்ளவத்தைக்காரன் மாதிரி" என்று ஒரு யோசனை வந்தது. அதுக்குத்தான் இந்தப் பதில்.

நெருடா 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாக இலங்கைக்கு வந்தார். வெள்ளவத்தையில் கடற்கரையோரம் ஒரு பங்களாவில் இருந்தார். 1971இல் நோபல் பரிசு. இவ்வளவும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அவர் இறந்து அடுத்த வருடம், 1974இல், வெளிவந்த தன்வரலாற்றில் அதே வீட்டைப் பற்றி இன்னொரு பக்கமும் இருக்கு. விடியக்காலையில் அவருடைய கக்கூஸ் வாளியை எடுக்க ஒரு தமிழ்ப் பெண் வருவார். அவருடைய சாதியை நெருடா எழுதுகிறார், பெயரை எழுதவில்லை. போகிற வழியில் பரிசுகளை வைக்கிறார். அந்தப் பெண் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அறைக்குள் கொண்டுபோகிறார். ஒரு சிலையோடு இருந்தது போல இருந்தது என்றும், தன்னை அவள் வெறுத்தது நியாயமே என்றும் அவரே எழுதுகிறார். இதுக்குப் பெயர் வன்புணர்வு. சுத்திவளைச்சுச் சொல்ல ஒன்றுமில்லை.

2018இல் சான்ரியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரை வைக்க யோசனை வந்தபோது, சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைத்தான் தூக்கிக் காட்டினார்கள். அசோக ஹந்தகம இதை வைத்து 'அல்போராதா' படத்தை எடுத்தார், 2021இல் வந்தது. எங்கட கூட்டங்களில் மட்டும் இன்னும் காதல் கவிதையும் பச்சை மையும்தான்.

"எழுத்தையும் ஆளையும் பிரிச்சுப் பாருங்கோ" என்கிறார்கள். சரி. ஆனால் நாங்கள் யாருடைய ரகசியத்தையும் தோண்டவில்லை. இதுவும் அவருடைய எழுத்துத்தான். அவரைக் கொண்டாட இருபது பக்கம் வாசிக்கிற ஆட்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் தாண்டிப் போகினம்?

இன்னொரு பக்கத்தில், "எங்கட தமிழ்ப் பெண்ணை வெள்ளைக்காரன் கெடுத்திட்டான்" என்று கொதிக்கிறவர்களும் இருக்கினம். அவர்களிடமும் ஒரு கேள்வி. வாளி எடுக்க வந்த அந்தப் பெண்ணை அந்தக் காலத்துத் தமிழ் வீடுகள் முன்வாசலால் உள்ளே விட்டிருக்குமா? இண்டைக்கு வெள்ளவத்தை ஃபிளாற்றுகளில் கக்கூஸ் கழுவ வருகிற மலையகத்து அக்காவுக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊத்துறம்? அவரின் முழுப்பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் எழுதாத குற்றம் நெருடாவுக்கு மட்டும் உரியது இல்லை.

அதனால் கவிதைப் பக்கம் பச்சையில் வராது. நெருடாவைத் தடைசெய்யச் சொல்லவும் இல்லை. வெள்ளவத்தை நெருடா என்று எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதுங்கோ, அவ்வளவுதான். எங்கட இதழிலும் அப்படியே வரும். கறுப்பு மையில், எல்லாருக்கும் தெரியிற மாதிரி.