கைவினைச் சதுரங்கக் காய்களில் மரத்துக்குப் பதில் செயற்கைப் பொருள்: நிலைப்பாட்டு அறிக்கை

போட்டிகளில் வழக்கமான ஸ்டாண்டன் வடிவச் சதுரங்கக் காய்களைக் கையால் செய்யும் தொழிலுக்கு இன்று உலகின் முதன்மையான இடங்களில் ஒன்று பஞ்சாபின் அமிர்தசரஸ். வெள்ளைக் காய்களுக்குப் பாக்ஸ் மரம், கறுப்புக் காய்களுக்குக் கருங்காலி, ஈட்டி, சீஷம், ஆப்பிரிக்கப் படாக் என்பது அங்குள்ள பட்டறைகளின் வழக்கம். இவற்றில் சில மரங்கள் கிடைப்பதும் கடல் கடந்து போவதும் சிக்கலாகிவிட்ட நிலையில், அக்ரிலிக் தண்டில் கடைந்த காய்களும் பிசினை அச்சில் ஊற்றி எடுத்த காய்களும் அதே சந்தைக்கு வருகின்றன. இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு இது: செயற்கைப் பொருளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதை மரம், எலும்பு, தந்தம் என்ற தோற்றத்தில் மறைத்து விற்கக் கூடாது. அச்சில் ஊற்றி எடுத்த காய் எதுவானாலும் அது கைவினை ஆகாது.

காய் செய்யும் பொருள் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்களில் பெரும்பாலானவை கடற்சிங்கம் போன்ற வால்ரஸ் விலங்கின் தந்தத்தில் செய்தவை. நத்தேனியல் குக் 1849இல் பதிவு செய்து, லண்டனின் ஜேக்ஸ் நிறுவனம் விற்ற ஸ்டாண்டன் காய்கள் பாக்ஸ் மரத்திலும் கருங்காலியிலும் வந்தன. வசதியுள்ளவர்களுக்கு யானைத் தந்தத்திலும் வந்தன. அமிர்தசரஸ் கைவினைஞர்களும் ஒரு காலத்தில் தந்தம் செதுக்கியவர்களே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991ஆம் ஆண்டுத் திருத்தங்கள் முறையே இந்திய, ஆப்பிரிக்கத் தந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபின் அவர்கள் ஒட்டக எலும்புக்கும் மரத்துக்கும் மாறினார்கள். பேக்லைட், கேட்டலின் என்ற பழைய பிளாஸ்டிக் வகைக் காய்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவிதியும் மரம், பிளாஸ்டிக் இரண்டையும் ஏற்கிறது. அதற்கு முக்கியம் அளவும் நிலைத்து நிற்பதும்தான்: ராஜாவின் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ., அடிப்பாக விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம்.

மரத்தின் மீதான சட்டக் கட்டுப்பாட்டைச் செயற்கைப் பொருளுக்கான முதல் வாதமாகப் பலர் முன்வைக்கிறார்கள். ஈட்டியும் சீஷமும் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஏற்றுமதிக்கு அனுமதி பெறும் சுமை சிறு பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2022இல் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு இவ்விரு மரங்களுக்கும் ஒரு தெளிவு தந்தது. தனிப் பொருள் ஒவ்வொன்றின் எடையும் பத்துக் கிலோவுக்குக் குறைந்தால், மொத்தச் சரக்கு எவ்வளவானாலும் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. பத்துக் கிலோ எடையுள்ள சதுரங்கக் காயை யாரும் செய்வதில்லை. ஆனால் அதே மாநாடுதான் படாக் உள்ளிட்ட ஆப்பிரிக்க டெரோகார்பஸ் மரங்களை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் கருங்காலி கடும் பாதுகாப்பில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கடத்தப்படும் செம்மரத்தில் காய் செய்வதை எந்த விளக்கத்தோடும் ஏற்க முடியாது. ஆகவே சட்டத்தின் நெருக்கடி உண்மையானதே. ஆனால் அதிலிருந்து வெளிவர பிளாஸ்டிக் ஒன்றுதான் வழி என்பது சரியல்ல. பாக்ஸ் மரத்தைக் கடைந்து கறுப்புச் சாயம் ஏற்றுவது நெடுநாளாக உள்ள முறை. கருங்காலி கிடைக்காத இடத்தில் முதல் தேர்வு அதுவாக இருக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் பரிந்துரை.

செயற்கைப் பொருளின் உண்மையான வலு வேறிடத்தில் உள்ளது. மரம் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டே இருக்கும். ஈரம் போகும்போது நார் ஓடும் நீளத்தில் அது அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. காயின் அடியில் எடைக்காகக் குழி தோண்டி உலோகம் புதைப்பார்கள். முன்பு ஈயம், இப்போது பெரும்பாலும் இரும்பு. மழைக்காலத்தில் கடைந்த ராஜா, குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அடிப்பாக மரம் உள்நோக்கி இறுகும்; உலோகம் இடம்கொடுக்காது; விளிம்பிலிருந்து மேல்நோக்கி வெடிப்பு ஓடும். அடர்த்தியான, மெதுவாக உலரும் கருங்காலிக்கு இந்த ஆபத்து அதிகம். பழைய ஜேக்ஸ் தொகுதிகளில் வெடித்த கறுப்புக் காய் அரிதல்ல. அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எடையிலும் அது பின்தங்குவதில்லை. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.18 கிராம், பாக்ஸ் மரம் ஒரு கிராமை ஒட்டியே நிற்கும். மரக்காய் கையில் கனப்பது பெரும்பாலும் அடியிலுள்ள உலோகத்தால்தான்.

கைவினை என்ற உரிமைக்கோரலைச் சோதிக்கக் குதிரையைப் பார்த்தால் போதும். 32 காய்களில் குதிரை நான்குதான். மற்ற 28ம் கடைசலில் உருண்டு வருபவை. யானையின் தலையிலுள்ள கோட்டை வெட்டு, மந்திரியின் தலைப்பிளவு, ராணியின் மகுடப் பற்கள் போன்றவை பிறகு அறுபடும். குதிரை கடைசலுக்கு அடங்காது. அதன் தலையைத் தனித் தேர்ச்சி பெற்ற செதுக்குநர் பிடரிமயிரின் இழை இழையாக உளியால் எடுக்கிறார். நல்ல தொகுதி ஒன்றின் விலையில் பெரும்பங்கு இந்த நான்கு காய்களின் கூலிதான். கையால் செதுக்கிய நான்கையும் வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் காது சற்றே முன்சாய்ந்திருக்கும், இன்னொன்றின் மூக்குத்துளை ஒரு மயிரிழை ஆழமாக இருக்கும். வார்ப்பில் அந்த வேலை ஒரே ஒருமுறை, மூலக் குதிரையில் மட்டும் நடக்கிறது. அதன்மேல் சிலிகான் அச்சு எடுத்துப் பிசினை ஊற்றினால் வருவதெல்லாம் அதன் நகல். தாடைக்கடியிலோ பிடரி ஓரத்திலோ அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த மெல்லிய கோடும், மடிப்புகளுக்குள் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ்க் குழிகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். கோட்டைத் தேய்த்து மெருகேற்றுவதும் கைவேலைதான் என்று விற்பவர்கள் வாதிடுவதுண்டு. அதை முடிப்பு வேலை என்று சொல்லலாம், அதற்கு மேல் இல்லை.

அக்ரிலிக் தண்டைக் கடைந்து, குதிரையைக் கையால் செதுக்கினால் கணக்கு வேறு. உராய்வுச் சூட்டில் அக்ரிலிக் இளகி உளியில் ஒட்டும். அழுத்தம் சற்றுக் கூடினால் விளிம்பு சில்லாகப் பெயரும். அதை அடக்கத் தெரிந்த கைக்கு மரவேலைக்குரிய மதிப்பையே தர வேண்டும். அப்படிச் செய்த காயைக் கைவினை என்று அழைப்பதில் இவ்வமைப்புக்கு மறுப்பில்லை.

ஆனாலும் இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று சமமல்ல. பாக்ஸ் மரம் ஆண்டுகள் போகப்போகத் தேன்நிறம் கொள்ளும். சிராய்த்தால் தேய்த்து மெருகிடலாம், ராஜாவின் தலையில் உடைந்த சிலுவையை மரத்திலேயே செய்து ஒட்டலாம். பிளாஸ்டிக்குகளின் முதுமை அப்படி அமைவதில்லை. பல வகைகள் வெயிலில் பழுப்பேறும். பழைய செல்லுலாய்டு தானே சிதைந்து, வெளியிடும் அமில ஆவியால் பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும். செயற்கைப் பொருளைச் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதையும் ஏற்பதற்கில்லை. காட்டு மரம் ஒன்று தப்பியது உண்மையாக இருக்கலாம். ஆனால் கடைசல் சீவலாக விழும் பிளாஸ்டிக் மக்குவதில்லை.

விற்பனைச் சீட்டில் பொருளும் செய்முறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘கருங்காலி’ என்றால் கருங்காலி மட்டுமே. ‘கருங்காலி நிறம்’ என்ற சொற்றொடரைப் பெரிய எழுத்திலும் ‘பிசின்’ என்பதைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது ஏமாற்றுதான். கருங்காலி மாலை மோகத்தில் சாயமேற்றிய மணிகளை வாங்கிய தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. சாயமேற்றிய பாக்ஸ் மரத்துக்கும் இதே விதி. தந்தத்தைப் போலச் செய்த பிசின் காய்க்கு ‘தந்தம்’ என்ற சொல் எந்த அடைமொழியோடும் வேண்டாம். அது தந்தத்தின் மீதான ஆசையையே வளர்க்கிறது.

பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலும் இந்தக் கேள்வியில் அடங்கும். ஈட்டி, கருங்காலித் தூள் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும் என்பது தெரிந்ததே. செயற்கைப் பொருளுக்கு மாறினால் அது தீர்ந்துவிடாது. எபாக்சிப் பிசினும் அதைக் கெட்டியாக்கும் திரவமும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். பாலியெஸ்டர் பிசினிலிருந்து ஸ்டைரீன் ஆவி எழும். அக்ரிலிக் தூள் மின்னேற்றத்தால் உடையிலும் முகத்திலும் ஒட்டும். தூசி உறிஞ்சியும் தகுந்த முகக்கவசமும் கையுறையும் இல்லாத பட்டறை செயற்கைப் பொருளில் இறங்கக் கூடாது. அவற்றின் செலவைக் காயின் விலையில் சேர்ப்பது நியாயமே.

பழைய மரத் தொகுதியில் தொலைந்த சிப்பாய்க்குப் பதில் பிசின் சிப்பாய் வார்த்து வைப்பதை ஆட்டத்துக்காக அனுமதிக்கலாம். ஆனால் அதன் அடியிலுள்ள கம்பளித் துணிக்குக் கீழ் நிலையான குறியும் ஆண்டும் பொறிக்க வேண்டும். தொகுதி கைமாறும்போது எந்தக் காய் மாற்றப்பட்டது என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.