பிராணி வளர்க்கும் வீட்டில் துடைப்பம் யார் கையில்?



செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் காரிமங்கலம் வாரச்சந்தையில் ஆடும் மாடும் கோழியும் கைமாறுகின்றன. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது குர்பானிக்கென வாங்கிய கிடாக்கள் நம் வீட்டுத் திண்ணையிலும் மாடிப்படியின் அடியிலும் கட்டப்படுகின்றன. பூனைகளோ ஆண்டு முழுவதும் அடுக்களைக்குள் வந்து போகின்றன. பிராணிகளோடு வாழ்வது நமக்குப் புதிதன்று. ஆயினும், அவ்வீடுகளின் தூய்மை குறித்து இரண்டு தவறான போக்குகள் நம்மிடையே நிலவுகின்றன. பூனை நஜீஸ் அன்று என்று மார்க்கமே கூறிவிட்டதாகச் சொல்லி, அதன் கழிவையும் பொருட்படுத்தாதிருப்பது ஒன்று. வீடு அசுத்தமாகிறது என்று சொல்லி, வளர்த்த பிராணியைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவருவது மற்றொன்று.

முதல் சாரார் காட்டும் சான்றை முழுமையாகப் பார்ப்போம். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைத்தார். அதைக் குடிக்கப் பூனை ஒன்று வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை நஜீஸ் அன்று, அது நம்மைச் சுற்றித் திரியும் உயிர்களில் ஒன்று என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. இங்கே பேசப்படுவது பூனை வாய் வைத்த தண்ணீர். அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதே ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. ஆட்டின் சிறுநீரை ஹனஃபி மத்ஹபு இலேசான நஜீஸ் என்கிறது. ஷாஃபி மத்ஹபு அந்தச் சலுகையையும் அளிக்கவில்லை. நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவும் கட்டளை முஸ்லிம் நூலில் உள்ளது. ஆகவே தோட்டக் காவலுக்கு நாய் வைத்திருப்போர் அதன் தட்டை வெளியே தனியாக வைப்பதே முறை.

இரண்டாம் சாரார், பூனையைக் கட்டிப்போட்டு உணவின்றி மடியவிட்ட பெண் வேதனைக்கு உள்ளான செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிராணிக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அதை விரட்டி விடுவதும் பட்டினி போடுவதேயாகும். அசுத்தத்துக்கு மார்க்கம் காட்டும் வழி கழுவுதல். பள்ளிவாசலுக்குள் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழித்தபோதும், அவரைத் தடுக்க எழுந்த தோழர்களை நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அந்நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. நறுமணம் தூய்மையாகாது. கழிவை அகற்றாமல் ஊதுபத்தி ஏற்றுவதும் வாசனைத் திரவம் தெளிப்பதும் நஜீஸை மறைக்குமே தவிர நீக்கா. பினாயில் தெளித்த ஈரத் தரையில் நடக்கும் பூனை தன் பாதங்களை நக்கும். பீனால் வகைப் பொருள்களின் நச்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சிறுநீர் கிடக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அதிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயு எழும். முதலில் கழிவை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசுவதே போதுமானது.

பூனையின் மணல் தட்டை அன்றாடம் சுத்தம் செய்யுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிப்பட்டு, நோய் பரப்பும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் அபாயம் பெரிதும் குறையும். அது வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடியது. எனவே கர்ப்பிணிகளிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. தொழுகை விரிப்பைத் தரையிலேயே விட்டுவிடாமல், மடித்து அலமாரியில் வையுங்கள். ஆட்டுப் புழுக்கையைச் சாக்கடையில் தள்ளாமல் குழியிலிட்டால் தென்னைக்கு எருவாகும்.

இவற்றையெல்லாம் செய்வது யார் என்பதே முதன்மையான கேள்வி. ஆட்டை வாங்கி வருபவர் தந்தை. பூனைக்குட்டிக்கு ஆசைப்படுபவன் மகன். கழுவுபவர்களோ தாயும் மருமகளும். ஒவ்வொரு வக்துக்கும் முன்பு உடையில் சிறுநீர் தெறித்திருக்குமோ என்று பார்த்து, மாற்றிக்கொண்டு தொழுகைக்கு நிற்பவர்களும் அவர்களே. ஒருவருடைய ஆசைக்காக மற்றொருவரின் இபாதத்தைச் சிரமமாக்குவது நியாயமா? நபி (ஸல்) அவர்கள் தம் ஆட்டில் தாமே பால் கறந்தார்கள். வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி இது. சுன்னத்தைப் பேணுவதாகச் சொல்லும் ஆண்கள் துடைப்பம் எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் ஏதுமில்லை. பத்து வயதுச் சிறுவனும் மணல் தட்டைச் சுத்தம் செய்து கை கழுவப் பழகலாம்.

இவ்வளவு சுமை எதற்கு, பிராணியே வேண்டாம் என்று ஒருவர் கருதினால் அதில் குற்றமில்லை. பிராணி வளர்ப்பது எவர் மீதும் கடமையன்று. வளர்த்த பின் கைவிடுவதைக் காட்டிலும், வாங்காதிருப்பது மேலானது. ஆனால் ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவர முடிவெடுத்தால், அதன் கழிவைச் சுத்தம் செய்யும் பொறுப்பையும் அன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். விரும்பியவரே கழுவட்டும்.

அல்லாஹ் நம் உள்ளங்களையும் இல்லங்களையும் தூய்மையாக்கி அருள்வானாக. வஸ்ஸலாம்.