ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள்

பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதியில் என் பக்கத்துக் கட்டில் நண்பன் ஒருநாள் இரவு இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் சொருகினான். "மச்சான், இதைக் கேளு. எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு." ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற பாட்டு. டிரம்ஸ் மூச்சு விடாமல் அடிக்கிறது, ஒரு பையன் தொண்டை கிழியக் கத்துகிறான். சொற்கள் எதுவும் பிடிபடவில்லை. இசை பிடித்திருந்தது. இன்னொரு முறை போடச் சொன்னேன்.

அந்த வாரம்தான் மெஸ்ஸில் இட ஒதுக்கீடு பற்றிப் பெரிய சண்டை நடந்திருந்தது. அவன் ஆதிக்கச் சாதி, நான் யார் என்பது அவனுக்குத் தெரியும். "எங்க தாத்தா பண்ணதுக்கு நான் ஏன்டா பதில் சொல்லணும்? நான் யாரையாவது தனித் தட்டுல சாப்பிடச் சொன்னேனா?" என்று கேட்டான். உண்மையில் சொன்னதில்லை. என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறவன் அவன். அதனால்தான் அன்று எனக்குப் பதில் வரவில்லை. சண்டைக்குப் பிறகு அவன் கண்டுபிடித்த பாட்டு அது. அமெரிக்காவின் மைனர் திரெட் என்ற பங்க் இசைக்குழு 1981இல் வெளியிட்ட 'கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்'. வெள்ளையனாகப் பிறந்ததே குற்றமா என்று கேட்கிற பாட்டு.

எழுதிப் பாடியவர் இயன் மக்காய். வாஷிங்டன் நகரத்துப் பையன், அப்போது 19 வயது. 1980 கணக்குப்படி அந்நகர மக்களில் 70 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர் படித்த அரசுப் பள்ளியிலும் வெள்ளையர்கள் சிறுபான்மை. வெள்ளையன் என்பதற்காகவே அங்கே அடி வாங்கியதாகவும், அந்தக் கோபத்தில் எழுதியதாகவும் மக்காய் சொல்லியிருக்கிறார். நான் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பு யாரோ செய்ததற்கு என்னை ஏன் பழிக்கிறாய் என்பதுதான் பாட்டின் சாரம். இது நிறவெறிக்கு எதிரான பாட்டு, தோலின் நிறத்தை வைத்து யாரையும் எடை போடாதே என்கிறது என்பது அவருடைய விளக்கம். அவர் அதைப் பொய்யாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில் அவர் நடத்திய ஃபுகாஸி குழு ஐந்து டாலருக்கு நுழைவுச்சீட்டு விற்றது, கூட்டத்தில் யாராவது முரட்டுத்தனம் செய்தால் பாட்டை நிறுத்திவிட்டுத் தட்டிக்கேட்டது. பங்க் உலகில் நேர்மைக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னால் பலரும் இவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் எழுதியது என்பதால்தான் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். வெறுப்பைக் கக்குகிற பாட்டாக இருந்தால் பேச ஒன்றுமில்லை, தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம்.

மக்காய் பிறந்தது 1962 ஏப்ரல் 16. சரியாக நூறாண்டுக்கு முன்பு, 1862 ஏப்ரல் 16 அன்றுதான் வாஷிங்டன் நகரில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். நூறாண்டு என்று பையன் கத்தும்போது கணக்கு ஒருநாள்கூடத் தப்பவில்லை. அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அதில் இழப்பீட்டுக்கு ஏற்பாடு இருந்தது. இழப்பீடு பெற்றது அடிமைகளாக உழைத்தவர்கள் அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகள். விடுவிக்கப்பட்ட ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை. நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒன்றாக உட்காரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். மக்காய் பிறப்பதற்கு எட்டே ஆண்டுகள் முன்பு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு அந்நகரம் பற்றி எரிந்தபோது, 1968 ஏப்ரலில், அவருக்கு ஆறு வயது ஆகப்போகிறது.

இதையெல்லாம் ஒன்றரை நிமிடப் பாட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தானே பாட்டின் அரசியல் இருக்கிறது? பள்ளி வராண்டாவில் தான் வாங்கிய அடியை வைத்துக்கொண்டார். பள்ளியை அப்படி ஆக்கிய வரலாற்றை யாரோ செத்துப்போனவர்களின் கணக்கில் எழுதிவிட்டார். அடி பொய்யல்ல, வலித்திருக்கும். அந்த வலிக்கு அவர் கொடுத்த பெயர்தான் தவறு.

இதை இன்று நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை தோழர்களே. 1983இலேயே 'மேக்சிமம் ராக் அண்ட் ரோல்' என்ற பங்க் இதழில் வேறு இரு குழுக்களின் பாடகர்களான டேவ் டிக்டரும் விக் போண்டியும் மக்காயோடு நேருக்கு நேர் வாதம் செய்தார்கள். அந்த உரையாடல் அச்சிலும் வந்தது. உன் அனுபவம் உண்மைதான், ஆனால் கேட்கிறவனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் சண்டையின் மையம். இத்தனைக்கும், அதே 1981இல் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று 46 நொடிப் பாட்டொன்றை மக்காய் பாடியிருந்தார். நான் குடிப்பதில்லை, போதை எடுப்பதில்லை என்கிற சொந்த விஷயம், அவ்வளவுதான். உலகம் முழுக்க இளைஞர்கள் அதை ஓர் இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். நான் இயக்கம் எதையும் தொடங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதியவன் சொல்லி நிறுத்த முடியாத இடத்துக்குப் பாட்டு போகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

1996இல் ஸ்லேயர் என்ற புகழ்பெற்ற மெட்டல் குழு, பழைய பங்க் பாட்டுகளைத் திரும்பப் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் இந்தப் பாட்டும் உண்டு. முடிவில் 'ஒயிட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரைட்' என்று பாடினார்கள். வெள்ளையனாக இருப்பது குற்றமா என்பது, என் பக்கம் நியாயம் இருப்பது குற்றமா என்று ஆகிவிட்டது. பாடியவர் சிலி நாட்டில் பிறந்த டாம் அராயா என்பது இன்னொரு விசித்திரம். மக்காய்க்கு அது அருவருப்பாக இருந்தது, வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்கு மக்காயிடம் கேட்கத் தோன்றுவது வேறு. பாட்டு முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஒரே சொல்லில் எதிர்ப்பக்கம் தாவ முடிகிற பாட்டு, முதலில் எவ்வளவு தூரத்தில் நின்றிருக்கும்?

பாடல் வரிக்குப் பொருள் தேடும்போது எழுதியவர் என்ன நினைத்தார் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். இணையத்தில் வரிக்கு வரி விளக்கம் எழுதுகிறவர்களும் பேட்டிகளைத் தேடி எடுத்து ஒட்டுகிறார்கள். தேவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும். இந்த வரியை யார் வாயில் வைத்தால் சிரமமே இல்லாமல் பொருந்துகிறது?

லண்டனின் தி கிளாஷ் குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள். 1976 ஆகஸ்ட் மாத நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்கள் போலீசை எதிர்த்து நின்றதை ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சிமனனும் நேரில் பார்த்தார்கள். இவர்களுக்கு இருக்கிற தைரியம் நம் வெள்ளைப் பையன்களுக்கு இல்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்தது 1977இல் வந்த 'ஒயிட் ரயட்'. கறுப்பின மக்கள் மீது பொறாமைப்பட்டு எழுதிய பாட்டு என்றே சொல்லலாம். ஆனால் தலைப்பில் வெள்ளை இருக்கிறது, கலவரம் இருக்கிறது. தெருவில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி கொடி பிடித்துக்கொண்டிருந்த காலம். பாட்டைத் தப்பாக எடுத்துக்கொள்ள ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

அவர்கள் பேட்டி மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடவில்லை. எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்கு எதிர்வினையாக 1976இல் உருவான அமைப்பு 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்'. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் அது நடத்திய நிகழ்ச்சியில் கிளாஷ் மேடையேறியது. 'ஒயிட் ரயட்' பாடும்போது ஷாம் 69 குழுவின் ஜிம்மி பர்சி வந்து சேர்ந்துகொண்டார். அவர் குழுவின் ரசிகர்களில் நேஷனல் ஃப்ரண்ட் பையன்கள் நிறைய பேர் இருந்தார்கள், அதனால் அது சின்ன விஷயமில்லை. வரி மாறவில்லை. யாரோடு நின்று, யாருக்கு எதிராகப் பாடுகிறோம் என்பதைத் தெளிவாக்கினார்கள். அப்படியும் மிக் ஜோன்ஸுக்கு அந்தப் பாட்டில் மனம் ஒட்டவில்லை, பிற்காலத்தில் மேடையில் வாசிக்கத் தயங்கினார். ஜோன்ஸ் பக்கம்தான் நான்.

நிர்வாணாவின் 'பாலி' இதைவிடக் கொடுமை. உண்மையில் நடந்த ஒரு கடத்தலை, கடத்தியவன் குரலிலேயே சொல்கிற பாட்டு. அவன் எவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறான் என்பதில்தான் பயங்கரம் இருக்கிறது. 1992 இறுதியில் வந்த தொகுப்பின் உறையில் கர்ட் கோபேன் ஒரு குறிப்பு எழுதினார். இரண்டு ஆண்கள் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஒரு பெண்ணை வன்புணர்வு செய்ததாக அதில் சொல்லியிருந்தார். பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் வேறு நிறத்தவரையும் வெறுக்கிறவர்கள் எங்கள் நிகழ்ச்சிக்கு வராதீர்கள், எங்கள் இசையை வாங்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஒடுக்குகிறவன் குரலில் எழுதினால் ஒடுக்குகிறவனுக்கும் அதில் ஓர் இருக்கை கிடைத்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

நமக்கு இது புரிய அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் முடிவு அரிவாளை விடச் சொல்கிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்கிறது. எடுத்தவர்களின் நோக்கம் அதுதான் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த முடிவு எந்த ஊர்வலத்திலும் ஒலிபெருக்கியில் வருவதில்லை. வருவது அந்த ஒரு பாட்டு. அது கேட்டதும் எந்தத் தெருவில் கதவைச் சாத்தினார்கள் என்று தென்மாவட்டத்துத் தோழர்களைக் கேளுங்கள். 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில் கமல்ஹாசனை எதிரே வைத்துக்கொண்டே, அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் பேசினார். நோக்கம் நல்லது என்பது அந்த வலிக்குப் பதில் ஆகாது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர் எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பேட் பிரெய்ன்ஸ் முழுக்கக் கறுப்பினத்தவர்களின் குழு. மக்காயும் அவர் நண்பர்களும் பார்த்து வளர்ந்த குழு. நகரத்தின் கிளப்புகள் தங்களைச் சேர்க்க மறுத்ததைப் பாட்டாக்கியவர்கள். அவர்களே 1989இல் தன்பாலீர்ப்பாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற பாட்டையும் போட்டார்கள். மேலே சொன்ன அதே கேள்வியை அங்கேயும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்த எதிர் உதாரணம் பாலி ஸ்டைரீன். (மேலே சொன்ன பாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் ஆள்.) அப்பா சோமாலியர், அம்மா வெள்ளையினத்தவர். பல்லில் கம்பி போட்ட இருபது வயதுப் பெண். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவோடு 1977இல் 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்' பாடினார். சங்கிலி, கட்டு என்றெல்லாம் வருவதால் படுக்கையறைப் பாட்டு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பொருள்களுக்கு அடிமையாகிக் கிடக்கிற வாழ்க்கையைத்தான் சொன்னேன் என்று அவர் விளக்கினார். அந்தப் பாட்டையும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்தான். ஆனால் கட்டியவன் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. எந்தச் சொல்லை மாற்றினாலும் நடக்காது. முயன்று பாருங்கள்.

விடுதி நண்பன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். போன மாதம் பேசும்போது அந்த ஏப்ரல் 16 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நிஜமாவா? காசு முதலாளிக்கா கொடுத்தாங்க?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு, "அப்போ நான் அந்தப் பாட்டைக் கேக்கவே கூடாதா?" என்றான்.

கேளுடா, நானும்தான் இன்னும் கேட்கிறேன் என்றேன். அந்த டிரம்ஸை வேறு எங்கே போய்க் கேட்பது? "ஆனா உனக்குன்னு எழுதினதுன்னு சொன்னியே, அது ஏன் அப்படித் தோணுச்சுன்னு மட்டும் ஒருநாள் உட்கார்ந்து சொல்லு." தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பேசலாம் என்றிருக்கிறான்.